நடிக்கிறாரா, நோயா: டெஸ்ட் வைத்துக் கண்டுபிடித்துவிட முடியுமா?

நீங்கள் கேட்டது இது. காவேரிப்பட்டணம் பக்கம் நிலத் தகராறில் உங்கள் சித்தப்பாவை வெட்டியவர் இப்போது சிறையில் சுவரோடு பேசுகிறார், மண்ணை அள்ளித் தின்கிறார். மனநிலை சரியில்லை என்று அவருடைய வக்கீல் மனுப் போட்டிருக்கிறார். சம்பவத்துக்கு முந்தின வாரம் வரை மாங்காய் மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த ஆள். டாக்டர்களை இப்படி ஏமாற்ற முடியுமா, நடிப்பைக் கண்டுபிடிக்க டெஸ்ட் எதுவும் இல்லையா என்கிறீர்கள். டெஸ்டைப் பற்றிக் கேட்பது போல இருந்தாலும் இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. இன்றைக்கு அவர் காட்டுவது நடிப்பா? வெட்டிய அன்றைக்கு அவர் புத்தி எந்த நிலையில் இருந்தது? இதைச் சாக்கு வைத்து அவர் தப்பித்துவிடுவாரா? உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது மூன்றாவதுதான் என்று நினைக்கிறேன். மூன்றுக்கும் விடை வேறு வேறு. முதல் கேள்விக்கு என்ன விடை வந்தாலும் மற்ற இரண்டும் அதோடு முடிந்துவிடாது.

நான் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். பெங்களூரில் படித்துவிட்டு தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். நீதிமன்றம் அனுப்பும் ஆட்களைப் பரிசோதித்து அறிக்கை எழுதுவதும் அந்த வேலையில் ஒரு பகுதி. மருந்து எழுதுகிற டாக்டர் நான் இல்லை, வக்கீலும் இல்லை. உங்கள் வழக்கில் உள்ளவரை நான் பார்த்ததும் இல்லை. அதனால் அவர் நடிக்கிறார் என்றோ இல்லை என்றோ நான் சொல்லப் போவதில்லை. இன்னொன்று, சில டெஸ்ட்களின் பெயரையும் அவை எந்த அடிப்படையில் வேலை செய்கின்றன என்பதையும் சொல்வேன். உள்ளே என்ன கேட்பார்கள் என்பதைச் சொல்ல மாட்டேன். நாளைக்கு மனுப் போடப் போகிறவரும் இதைப் படிக்கலாம் இல்லையா.

மூன்றாவது கேள்வியிலிருந்தே வருகிறேன். 'மென்டல் என்று சர்டிபிகேட் வாங்கிவிட்டால் கேஸ் போச்சு' என்று டீக்கடையில் பேசுவார்கள். அப்படியெல்லாம் இல்லை. சட்டம் இதை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒன்று, இப்போது விசாரணையைப் புரிந்துகொண்டு தன் தரப்பைச் சொல்லும் நிலையில் ஆள் இருக்கிறாரா என்பது. இல்லையென்றால் விசாரணை தள்ளிப்போகும், ரத்தாகாது. சிகிச்சை கொடுத்து, தேறியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். இப்போது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 367, 368 பிரிவுகள் இதைத்தான் சொல்கின்றன. இரண்டாவது, குற்றம் நடந்த நேரத்தில் இருந்த மனநிலை. இது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 84ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆவது பிரிவு. உங்கள் சம்பவம் அந்தத் தேதிக்கு முன்னால் நடந்திருந்தால் 84தான் பொருந்தும். சாரம் ஒன்றுதான். தான் செய்வது என்ன காரியம் என்றோ, அது தப்பு அல்லது சட்டவிரோதம் என்றோ அறிய முடியாத அளவுக்கு அந்த நேரத்தில் புத்தி கெட்டிருக்க வேண்டும். மனநோய் இருந்தது என்று காட்டினால் மட்டும் போதாது. குரல் கேட்பது, பிரமை என்று வரும் ஸ்கிசோஃப்ரினியா என்ற கடுமையான மனநோய்க்கு வருடக்கணக்கில் மாத்திரை சாப்பிடுகிறவர்கூட, வரப்புத் தகராறில் கோபப்பட்டு, தெரிந்தே வெட்ட முடியும். மருத்துவம் சொல்லும் மனநோய் வேறு, சட்டம் ஏற்கும் சித்தப்பிரமை வேறு என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது.

அப்புறம், அதை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அவருடையது. ஆனால் அரசுத் தரப்பு போல சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை, 'இப்படித்தான் இருந்திருக்கும்' என்ற அளவுக்குக் காட்டினால் போதும். 1964இல் தஹ்யாபாய் தக்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்துத் தந்த அளவுகோல் இது. சம்பவத்துக்கு முன்பும், சம்பவத்தின்போதும், அதை ஒட்டிய பின்பும் ஆள் எப்படி நடந்துகொண்டார் என்பதைப் பார்க்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. இதை நினைவில் வையுங்கள், கடைசியில் உதவும். ஒருவேளை 22ஆவது பிரிவில் விடுதலையே ஆனாலும் உடனே வீட்டுக்கு அனுப்பிவிட மாட்டார்கள். பாதுகாப்பான இடத்தில் வைக்கச் சொல்லலாம், இல்லையென்றால் ஜாமீன் பொறுப்பு வாங்கிக்கொண்டு உறவினரிடம் ஒப்படைக்கலாம். இதில் மாட்டிக்கொண்டால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அசாமின் மச்சாங் லாலுங் உதாரணம். 1951இல் கைதாகி மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவர். விசாரணையே நடக்காமல் 54 வருடம் உள்ளே இருந்து 2005இல்தான் வெளியே வந்தார். சுலபமாகத் தப்பிக்கிற வழி என்று நினைத்து இதற்குள் நுழைகிறவருக்கு இந்தக் கதையை யாரும் சொல்வதில்லை.

சரி, முதல் கேள்விக்கு வருவோம். நடிப்பைக் கண்டுபிடிக்கக் கருவிகள் இருக்கின்றன. அமெரிக்காவில் ரிச்சர்ட் ரோஜர்ஸ் உருவாக்கிய 'சிர்ஸ்' ஒரு நேர்முகப் பேட்டி. 1992இல் வந்தது, 2010இல் திருத்திய பதிப்பு வந்தது. அதை முழுதாக எடுக்க நேரமில்லாத இடத்துக்கு 'எம்-ஃபாஸ்ட்'. 25 கேள்விகள், பத்து நிமிடத்துக்குள் முடியும். ஞாபகமே இல்லை என்பவர்களுக்கு 'டாம்' என்று படங்களை வைத்து ஒரு சோதனை. எம்எம்பிஐ என்ற பெரிய வினாத்தாளில் பொய்யைப் பிடிப்பதற்கென்றே தனி அளவுகோல்கள் உண்டு. இவற்றில் சின்னவை முதல் சல்லடைதான். மண்டியில் கூடை இறங்கும்போது பழத்தை அழுத்திப் பார்த்துச் சிலவற்றைத் தனியாக எடுத்து வைப்பார்களே, அது மாதிரி. எடுத்து வைத்ததெல்லாம் அழுகல் என்று அர்த்தமில்லை, அறுத்துப் பார்க்க வேண்டியவை என்றுதான் அர்த்தம். எம்-ஃபாஸ்டில் மதிப்பெண் ஏறியதை மட்டும் வைத்து 'இவர் நடிக்கிறார்' என்று யாராவது அறிக்கை எழுதியிருந்தால், குறுக்கு விசாரணையில் அந்த அறிக்கை நிற்காது. நிற்கவும் கூடாது.

இவை எப்படி வேலை செய்கின்றன? நடிப்பவருக்கு மனநோய் என்றால் என்ன என்று தெரியாது, சினிமாவில் பார்த்ததுதான் தெரியும். தலையைப் பிய்த்துக்கொள்வது, திடீரென்று சிரிப்பது, தன் பெயரே தெரியாது என்பது. நோய் என்றால் எல்லாமே தாறுமாறாக இருக்க வேண்டும் என்று நினைத்து, கேட்கிற ஒவ்வொரு அறிகுறிக்கும் தலையாட்டுவார். உண்மையான நோயில் அறிகுறிகள் கூட்டமாக வரும், ஆனால் அந்தக் கூட்டத்துக்கு ஒரு ஒழுங்கு உண்டு. சில அறிகுறிகள் மிக அபூர்வம். சில தனித்தனியாக வரும், ஒரே ஆளிடம் சேர்ந்து வராது. கேள்விகள் இந்த இடைவெளியில்தான் வலை விரிக்கின்றன.

குரல் கேட்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ரிமாண்டில் இருந்து வருகிறவரிடம் பேச்சு பெரும்பாலும் இப்படிப் போகும். எப்பங்க கேக்குது? "எப்பவும் சார், இருபத்து நாலு மணி நேரமும். இப்பக்கூட." ஆம்பளைக் குரலா, பொம்பளைக் குரலா? "தெரியல சார், ஏதோ ஒரு குரல்." என்ன சொல்லுது? "கொல்லு கொல்லுங்குது." கேட்டா நீங்க என்ன பண்ணுவீங்க? "என்ன பண்றது சார், சொன்னதைச் செய்வேன்." இதையே பல வருடமாகக் குரலோடு வாழ்ந்துகொண்டிருக்கும் ஒரு பாலக்கோடு விவசாயியிடம் கேட்டால் வேறு மாதிரி வரும். "எங்க பெரியப்பா பையன் குரல்தாங்க, கூட ஒரு பொம்பளையும் பேசுவா. சாயங்காலம் சும்மா உக்காந்தா ஆரம்பிச்சிரும். எந்திரிச்சி மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனா கொஞ்சம் அடங்கும். ராத்திரியில செல்லுல பாட்டு வெச்சுக் காதுல மாட்டிக்குவேன்." வித்தியாசம் தெரிகிறதா? நோயாளிக்குக் குரல் தினசரித் தொந்தரவு. எப்போது வரும், எதைச் செய்தால் குறையும் என்று அவரே கண்டுபிடித்து வைத்திருப்பார். நடிப்பவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அமெரிக்க மனநல மருத்துவர் பிலிப் ரெஸ்னிக் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார், இங்கே நான் பார்ப்பதும் அதோடு ஒத்துப்போகிறது. ஆனால் இதில் எந்த ஒரு பதிலும் தனியாக நின்று எதையும் நிரூபிக்காது. விடாமல் குரல் கேட்கிற நிஜ நோயாளிகளும் இருக்கிறார்கள், கேள்வியே காதில் ஏறாத அளவுக்கு நோய் முற்றி வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

இன்னொரு விஷயம், நடிப்பவர்கள் கூத்தை நடிப்பார்கள், வெறுமையை நடிக்க அவர்களுக்குத் தோன்றாது. ஸ்கிசோஃப்ரினியா முற்றிய பலர் சத்தமே போடுவதில்லை. மூலையில் உட்கார்ந்திருப்பார்கள், வாரக்கணக்கில் குளிக்க மாட்டார்கள், முகத்தில் ஒரு உணர்ச்சியும் ஓடாது, கேட்ட கேள்விக்கு ஒரு வார்த்தைதான் வரும். இதை ஒரு மணி நேரப் பேட்டியில் செய்துவிடலாம், பத்து நாள் செய்வது கஷ்டம். மேனியா, அதாவது அளவுமீறிய வேகமும் உற்சாகமும் பிடிக்கிற நோய், வந்தவர் இரண்டு மூன்று நாள் தூங்காமலே துள்ளிக்கொண்டு இருப்பார். நடிப்பவர் இரண்டாம் நாள் ராத்திரி அசந்து தூங்கிவிடுவார். இதனால்தான் எந்த டெஸ்டை விடவும் வார்டில் வைத்துப் பார்ப்பதை நான் பெரிதாக நினைக்கிறேன். சென்னை கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் 1794இல் தொடங்கிய நிறுவனம், இந்த மாதிரி அனுப்பப்படுகிறவர்களைப் பார்த்துப் பழகிய நர்சுகள் அங்கே உண்டு. அவர்கள் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் எழுதுகிற குறிப்பில் பெரிய வார்த்தை ஒன்றும் இருக்காது. 'காலை இட்லி நான்கு சாப்பிட்டார். பக்கத்துப் படுக்கைக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். டாக்டர் ரவுண்ட்ஸ் வந்ததும் தரையில் உருண்டார். போனதும் எழுந்து வந்து டிவி பார்த்தார்.' நான்கு வரிதான். இப்படிப் பதினைந்து நாள் குறிப்பு இருந்தால் என் மதிப்பெண் தாளுக்கு வேலையே இருக்காது.

கருவிகளில் ஓரளவு உறுதியாக எதையாவது சொல்கிறது என்றால் அது ஒன்றே ஒன்றுதான். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் சோதனையில் 50 கேள்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே ஏறக்குறைய 25 சரியாக வரும். ஒருவருக்குப் பத்துதான் சரி என்றால், சரியான விடை தெரிந்து, அதைத் தவிர்த்துத் தவிர்த்துத் தொட்டிருக்கிறார் என்று பொருள். இதை மறதி என்று விளக்க முடியாது. ஆனால் அந்த அளவுக்கு அசட்டுத்தனமாக மாட்டுகிறவர்கள் குறைவு. நடிப்பவர்களில் பெரும்பாலோர் அந்தக் கோட்டுக்கு மேலேதான் நிற்பார்கள். அங்கே போனதும் மறுபடி கணிப்புதான்.

கணிப்பு எவ்வளவு ஆட்டம் காணும் என்பதைக் கணக்குப் போட்டே காட்டுகிறேன். இது ஒரு கற்பனைக் கணக்கு. நீதிமன்றம் 100 பேரை அனுப்புகிறது, அதில் 15 பேர் நடிக்கிறார்கள். டெஸ்ட் நல்ல டெஸ்ட்தான், நடிக்கிற பத்துப் பேரில் எட்டுப் பேரைப் பிடித்துவிடும், நடிக்காத பத்துப் பேரில் ஒருவரைத்தான் தவறாகப் பிடிக்கும். அப்படியானால் 15இல் 12 பேர் மாட்டுவார்கள். மீதி 85 பேரில் எட்டு ஒன்பது பேரும் கூடவே மாட்டுவார்கள். டெஸ்ட் 'நடிப்பு' என்று ஒதுக்கிய 20 பேரில் எட்டுப் பேர் நோயாளிகள். நடிப்பவர்கள் 15க்குப் பதிலாக ஐந்து பேர்தான் என்றால் இன்னும் மோசம், நான்கு நடிகர்களோடு ஒன்பது நோயாளிகள் மாட்டுவார்கள். அனுப்பப்படுகிறவர்களில் நடிப்பவர்கள் எத்தனை பேர் என்பது தெரியாமல் இந்த மதிப்பெண்ணுக்கு அர்த்தம் சொல்ல முடியாது. அந்த எண்ணிக்கையோ இடத்துக்கு இடம் மாறும்.

இதில் நம் ஊர்ச் சிக்கல் வேறு. இந்தக் கருவிகள் எல்லாம் அமெரிக்கச் சிறைகளிலும் மருத்துவமனைகளிலும் சோதித்து அளவு குறித்தவை. அங்கே அபூர்வம் என்று கணக்கில் வைத்தது இங்கே அபூர்வமாக இருக்க வேண்டிய அவசியமில்லை. பென்னாகரம் பக்கத்து அம்மா ஒருவர், செவ்வாய் வெள்ளியில் மேலே சாமி இறங்கும், அது தன் வாயால் பேசும், சுடுகாட்டுப் பக்கம் போனால் முனி பின்னால் நடந்து வரும் என்பார். வினாத்தாளைப் பொறுத்தவரை இது 'யாருக்கும் வராத விசித்திரம்', மதிப்பெண் ஏறும். எனக்கு அது அவர் தெருவில் பத்துப் பேர் சொல்கிற விஷயம், நோயும் இல்லை, நடிப்பும் இல்லை. 'ரே 15' என்று ஒரு பழைய ஞாபகச் சோதனை இருக்கிறது. ஆங்கில எழுத்தும் ரோமன் எண்ணும் கலந்த தாளைக் காட்டி எழுதச் சொல்வார்கள். பள்ளிக்கூடமே போகாத சித்தேரி மலைக்காரரிடம் இதைக் கொடுத்துவிட்டு, மதிப்பெண் குறைவு, அதனால் நடிக்கிறார் என்று எழுதினால் அது அநியாயம். தளி, தேன்கனிக்கோட்டை ஆட்கள் பலர் வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசுகிறவர்கள். தமிழில் கேள்வி கேட்டால் புரியாமலே 'ஆமாங்க' என்று தலையாட்டுவார்கள். எதற்கும் ஆமாம் சொல்வது நடிப்பின் அடையாளம் என்று மேலே சொன்னேன். போலீஸ் கொண்டுவந்து உட்கார வைத்த இடத்தில் எதற்கும் ஆமாம் சொல்வது ஏழையின் பழக்கமும்கூட. டிஎஸ்எம் என்கிற அமெரிக்க மனநோய்க் கையேடு நடிப்பைச் சந்தேகிக்க நான்கு அடையாளம் சொல்கிறது. வழக்கு சம்பந்தமாக வந்தவரா, சொல்வதும் காண்பதும் பொருந்தவில்லையா, ஒத்துழைக்கவில்லையா, சமூகவிரோத ஆளுமை உள்ளவரா. ஜெயிலில் உட்கார்ந்துகொண்டு பார்த்தால் பாதிப் பேருக்கு இதில் குறைந்தது இரண்டு பொருந்திவிடும். என் மேஜையில் அதற்கு மதிப்பு குறைவு.

நடிப்பு என்று அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்த வட்டாரத்தில் திரும்பத் திரும்ப வருகிற ஒரு காட்சி போதும். தினமும் குடிக்கிறவர். சனிக்கிழமை கைது, அன்றோடு குடி நின்றுபோனது. ஞாயிறு கை நடுக்கம், வியர்வை. திங்கள், செவ்வாயில் போர்வையில் பூச்சி ஊர்கிறது என்று தட்டிக்கொண்டே இருப்பார், இல்லாத ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், நேரம் தெரியாது, இடம் தெரியாது. வார்டர் பார்த்துவிட்டு "சார், ஆக்டிங்கு சார், ஜாமீனுக்கு சீன் போடறான்" என்பார். அது நடிப்பில்லை, குடி நின்றதால் வரும் டெலிரியம் என்ற கடும் புத்திக் குழப்பம். வழக்கமாகக் கடைசிக் குடிக்கு இரண்டு முதல் நான்கு நாளைக்குள் வரும். கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். வலிப்பு நோய்க்காரர்களிடமும் இதே ஆபத்து. வலிப்பு வந்து ஓரிரு நாள் கழித்துச் சிலருக்கு மனக்குழப்பம் வந்து பின்னர் தானாகத் தெளியும். பார்க்கிறவருக்கு அது விட்டு விட்டு நடிப்பது போலவே இருக்கும். அதனால் நடிப்பா என்ற கேள்வி வந்தால் முதலில் பல்ஸ், ரத்தம், ஸ்கேன். வினாத்தாள் அதற்கப்புறம். உங்கள் வழக்கில் உள்ளவர் மண் தின்கிறார் என்கிறீர்கள். அதற்குக்கூட ரத்தசோகை பார்த்துவிட்டுத்தான் நான் அடுத்த வார்த்தை பேசுவேன். அவர்மேல் உங்களுக்கு இருக்கும் கோபம் புரிகிறது, ஆனாலும் இந்த வரிசையை மாற்ற முடியாது.

மருந்து கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்று ஒரு நம்பிக்கை உண்டு. மாத்திரையில் சரியானால் நோய், ஆகாவிட்டால் நடிப்பு என்று. தப்பு. மனநோய்க்குக் கொடுக்கிற ஓலன்சபின் மாத்திரை போட்டால் யாராக இருந்தாலும் அமைதியாகித் தூங்குவார்கள். நிஜமான நோய் வாரக்கணக்கில் மருந்துக்கு மசியாமலும் இருக்கும். அடுத்தது 'உண்மை ஊசி'. நார்கோ என்கிற அந்த ஊசி, பொய்யைப் பிடிக்க என்று வைக்கும் பாலிகிராஃப், மூளை அலையைப் பதிவு செய்யும் பிரெயின் மேப்பிங் மூன்றையும் ஒருவருடைய சம்மதம் இல்லாமல் செய்யக் கூடாது என்று 2010இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. சம்மதித்தாலும் என்ன பயன்? அவை மனநோயைக் கண்டுபிடிக்கச் செய்தவையே இல்லை.

டாக்டரை ஏமாற்ற முடியுமா என்ற உங்கள் நேர்க்கேள்விக்குப் பதில், முடியும். நியூயார்க் மாஃபியா தலைவன் வின்சென்ட் ஜிகாண்டே பல வருடங்கள் வீட்டு அங்கியோடு தெருவில் முணுமுணுத்துக்கொண்டு நடந்தான். பெயர் பெற்ற மனநல மருத்துவர்கள் பலர் அவனுக்கு நோய் என்றே நம்பினார்கள். அத்தனையும் நடிப்பு என்று 2003இல் நீதிமன்றத்தில் அவனே ஒப்புக்கொண்டான். அதற்குப் பணம், வக்கீல் படை, குடும்பத்தின் ஒத்துழைப்பு, பல வருட ஒத்திகை எல்லாம் தேவைப்பட்டன. ரிமாண்டில் திடீரென்று ஆரம்பிக்கிறவருக்கு அவ்வளவு வசதி கிடையாது.

எனக்கே இன்னும் தெளிவில்லாத ஒரு வகையும் இருக்கிறது. மாட்டுக்கு எத்தனை கால் என்றால் ஐந்து என்பார், இரண்டும் இரண்டும் என்றால் ஐந்து என்பார். விடை எப்போதும் கொஞ்சம் தள்ளியே விழும். ஜெர்மன் மருத்துவர் கான்ஸர் 1890களின் கடைசியில் கைதிகளிடம் பார்த்து எழுதியது இது. நடிப்பு என்று ஒரு கட்சி, தாங்க முடியாத நெருக்கடியில் மனம் தானே பிளந்துகொள்கிறது என்று இன்னொரு கட்சி. நூறு வருடத்துக்கு மேலாகியும் வழக்கு முடியவில்லை. அப்புறம், நடிப்பும் நோயும் ஒரே ஆளிடம் இருக்கலாம். நிஜமாகவே ஸ்கிசோஃப்ரினியா உள்ளவர், தன்னை யாரும் நம்ப மாட்டார்களோ என்று பயந்து கொஞ்சம் கூட்டிச் சொல்வார். டெஸ்ட் 'மிகை' என்று காட்டும். காட்டியது சரி. அதிலிருந்து 'நோயே இல்லை' என்று தாவுவதுதான் தவறு. ஏன் மிகைப்படுத்துகிறார் என்பதை எந்த டெஸ்டும் சொல்லாது. அதனால்தான் நான் அறிக்கையில் 'நடிக்கிறார்' என்று எழுதுவதில்லை. இன்ன இன்ன அறிகுறிகள் மிகைப்படுத்தப்பட்டவை, அதற்கு ஆதாரம் இவை என்று எழுதுவேன். முடிவு நீதிபதியுடையது. என் அனுபவத்தில் நம் பக்கம் பைத்தியம் மாதிரி நடிப்பவர்களைவிட, பைத்தியம் இல்லை என்று நடிப்பவர்கள்தான் அதிகம். தங்கைக்கு வரன் தட்டிப்போகும் என்று கொலை வழக்கில்கூட நோயை மறைத்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி இரண்டாவது கேள்வி, உங்கள் வழக்கில் முக்கியமானது இதுதான். சிறைக்குள் இன்று அவர் நடிக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம், அதனால் சம்பவ நாளன்று நோய் இல்லை என்று ஆகிவிடாது. இன்று நிஜமாகவே நோய் என்றாலும் அன்றைக்கும் இருந்தது என்று ஆகாது. சிறையில் வந்து நோய் தொடங்குவதும் உண்டு. நடந்து முடிந்த ஒரு நாளின் மனநிலையை இன்றைக்கு டெஸ்ட் வைத்து அளக்க முடியாது, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த நாளைத் திரட்டித்தான் பார்க்க வேண்டும். முந்தின வாரம் மண்டியில் எழுதிய கணக்கு நேராக இருந்ததா, கிறுக்கலா? அரிவாளை எங்கிருந்து எடுத்தார், முன்கூட்டியே கொண்டுவந்து வைத்தாரா? ஆள் இல்லாத நேரம் பார்த்தாரா? வெட்டியபின் ஓடினாரா, சட்டையை மாற்றினாரா, செல்லை அணைத்தாரா, இல்லை அங்கேயே உட்கார்ந்திருந்தாரா? பழைய விரோதம் இருந்ததா? நீங்கள் சொல்கிற நிலத் தகராறு உண்மை என்றால் காரணம் என்று ஒன்று இருக்கிறது. அதே சமயம், அந்தத் தகராறே அவருடைய பிரமையில் பிறந்ததா என்று எதிர்த்தரப்பு கேட்கும். அதற்கும் பதில் வேண்டும், பத்திரமும் சர்வேயும் அங்கே பேசும்.

ஆஸ்பத்திரிச் சீட்டு எதுவும் இல்லை, அதனால் முன்பு நோய் இல்லை என்று நீங்கள் நினைக்கலாம். அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. நம் ஊர்களில் முதலில் போவது கோயிலுக்கும் கயிறு கட்டுகிறவரிடமும்தான், ஆஸ்பத்திரி அப்புறம். வழக்கு வருவதற்கு மூன்று வருடம் முன்னால் 'இவனுக்குச் செய்வினை' என்று எலுமிச்சம்பழம் சுற்றிப்போட்ட பூசாரி ஒருவர் இருந்தால், என்னைப் பொறுத்தவரை அவர் பெரிய சாட்சி, ஏனென்றால் அப்போது நடிக்க யாருக்கும் காரணம் இல்லை. அப்படி ஒருவரும் இல்லை, மண்டி முதலாளியும் பக்கத்து வீட்டுக்காரரும் பால் ஊற்ற வந்தவரும் ஒரே குரலில் 'நல்லாத்தான் இருந்தார்' என்கிறார்கள் என்றால் அதுவும் அதே அளவு பெரியது.

நீங்கள் செய்யக்கூடியது என்னவென்றால், இப்படிப்பட்டவர்களின் பெயரை இப்போதே எழுதி விசாரணை அதிகாரியிடமும் அரசு வக்கீலிடமும் கொடுங்கள். மண்டிக் கணக்கு நோட்டு, செல் பதிவு, கடன் பத்திரம் எதுவானாலும் தேதியோடு. அவர் தரப்பு மனநோய்க்கு என்று தாக்கல் செய்யும் ஆதாரத்தை எதிர்த்தரப்பு ஆட்சேபித்தால், அதை மனநல மறுஆய்வு வாரியத்தின் ஆய்வுக்கு நீதிமன்றம் அனுப்ப வேண்டும் என்று 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 105ஆவது பிரிவு சொல்கிறது. அரசு வக்கீலிடம் இதைக் கேளுங்கள். அறிக்கை வந்ததும் அதில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: எத்தனை நாள் வைத்துப் பார்த்தார்கள், குடும்பத்தையும் ஊர்க்காரர்களையும் விசாரித்தார்களா, இன்றைய நிலையையும் சம்பவ நாளையும் பிரித்து எழுதியிருக்கிறார்களா. ஒரே நாள் ஓபியில் பார்த்துவிட்டு எழுதிய ஒரு பக்கம் என்றால், நோய் என்று சொன்னாலும் நடிப்பு என்று சொன்னாலும் அதைக் கேள்வி கேட்க உங்கள் வக்கீலுக்கு இடமிருக்கிறது. அவர் சுவரோடு பேசுகிற வீடியோ உங்கள் கைக்கு வந்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். அதை வாட்ஸப்பில் சுற்ற விடாதீர்கள். மனநலச் சிகிச்சையில் உள்ளவரின் படத்தை அவர் சம்மதமின்றி ஊடகங்களுக்குக் கொடுப்பதை அதே மனநலச் சட்டம் தடுக்கிறது. அது மட்டுமல்ல, யார், எந்தத் தேதியில், எப்படி எடுத்தது என்ற கேள்வியில் வழக்கு உங்கள் பக்கம் திரும்பி நிற்கும். அதையும் அப்படியே வக்கீலிடம் கொடுத்துவிடுங்கள்.